ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னல்

சனிக்கிழமை காலை ஏழாம் நாற்காலிக்கு விரிப்பு போட்டிருக்கவில்லை. டயாலிசிஸ் மையத்துக்கு வருகிறவர்களுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் நர்ஸ் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தேன். கதிரேசன் அண்ணன் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் என் கையில் ஊசியைக் குத்தினார். ஈப்போவில் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அவரோடு வரிசையாகச் சாய்ந்து கிடந்த நம் ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய ஜன்னலைப் பற்றி நம்மை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

முன்பு அந்த ஜன்னலில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எதிரே பாசி பிடித்த சுவர், அதில் ஒழுகும் ஏர்கான் குழாய், அவ்வளவுதான். நாலு மணி நேரம் அதையே பார்த்துக் கிடந்தோம். சுங்காய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ்ஸை வாழ்நாளெல்லாம் ஓட்டிய அண்ணனுக்கு அந்தச் சுவர் பொறுக்கவில்லை. திரை போடலாமா என்று கேட்டார். துணி தூசி பிடிக்கும், துடைக்க முடிகிற சாமான் என்றால் சரி என்று மிஸ்ஸி வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுவாரமே பிஸ்கட் டின் மூடிகளும் காம்பு உடைந்த கரண்டிகளும் தூண்டில் நரம்பில் தொங்கின. ஒரு காசு செலவில்லை.

பிறகு நம் ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் வேலை இல்லாமல் கிடக்கும் சாமான் ஒன்று கொண்டு வரவேண்டும். கொண்டு வந்தால் லேசில் விடமாட்டார். "இது உங்க வீட்டுல என்ன வேலை பாத்துச்சு?" என்று தொடங்குவார். காம்பாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய், தே தாரிக் டீ ஆற்றும் பழைய குவளையைக் கொண்டு வந்த அன்று, அது ஏன் ஒரே பக்கம் நெளிந்திருக்கிறது என்று கேட்டார். முப்பது வருடம் அதைப் பிடித்த பாய்க்கே தெரியவில்லை. இடது கைக்காரரான பாய், ஒவ்வொரு முறையும் அதை மேசை விளிம்பில் தட்டி வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலை முழுதும் ஆயிற்று. நமக்கு நேரம் போனதே தெரியவில்லை.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செமோர் பாசார் சந்தையில் பல வருடம் இடியாப்பம் விற்றவள் நான். அதைப் புட்டு மாயம் என்று கேட்டு வாங்கச் சீனரும் மலாய்க்காரரும் வரிசையில் நிற்பார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் அறுவை செய்த பிறகு அந்தக் கையால் அச்சை அழுத்தவே கூடாது என்றார் டாக்டர். வீட்டில் வேலை இல்லாமல் என்ன கிடக்கிறது என்று அண்ணன் கேட்டதும், நான்தான் கிடக்கிறேன் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் பரிதாபப்படவில்லை. இடியாப்ப அச்சின் தட்டில் எத்தனை ஓட்டை என்று கேட்டார். யார் எண்ணினார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் நான் போகவில்லை. வியாழனும் போகவில்லை. கால் வீங்கிவிட்டது. மகளிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இந்த ஊசியும் களைப்பும் போதும், இத்தோடு முடியட்டும் என்று தீர்மானமாக இருந்தேன்.

வியாழன் மாலை அண்ணன் போன் செய்தார். புத்தி சொல்லப் போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"தங்கச்சி, வாரதும் வராததும் உங்க இஷ்டம் லா. அந்தத் தட்டுல எத்தனை ஓட்டைன்னு மட்டும் சொல்லிடுங்க. வெயில் பட்டா அத்தனை புள்ளியும் சுவர்ல விழுமான்னு பாக்கணும். அதே நினைப்பா இருக்கு."

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, எரிச்சலோடுதான், தட்டைக் கழுவி எண்ணினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை நூற்றேழு வந்தது. போனில் சொன்னால் நம்பமாட்டார் என்று சனிக்கிழமை நானே எடுத்துப் போனேன்.

அந்த ஜன்னலுக்கு வெயில் ஒன்பது மணிக்கு வந்து இருபது நிமிடத்தில் போய்விடும். தட்டைத் தொங்கவிட்டோம். ஒரு புள்ளிகூட விழவில்லை. அறைக்குள் எதிர்ச்சுவரில் வெளிறிய தோசை மாதிரி மங்கலாக ஒரு வட்டம்தான் தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணனோ குழாயோடு எழுந்து உட்கார்ந்து, மெஷின் கத்தி, மிஸ்ஸியிடம் திட்டு வாங்கினார். நூற்றேழு ஓட்டையில் நுழைந்த வெயில் எப்படி ஒன்றாக விழும் என்று பூரித்துப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை சுவருக்குக் கிட்டே வைத்துப் பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு முன்னால் நான் வந்து உட்கார்ந்திருந்தேன். அன்று புள்ளிகள் விழுந்தன. எண்ணி முடிப்பதற்குள் வெயில் போய்விட்டதால் வியாழனும் வரவேண்டியதாயிற்று. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

இந்தச் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்த களைப்பில் தகனத்துக்குப் போக என்னால் முடியவில்லை. ஞாயிறன்று அவருடைய பிளாட்டுக்குப் போனேன். இரண்டு வருடமாக மனதில் குடைந்ததை அவர் மனைவியிடம் கேட்டேவிட்டேன். அந்த போன், என்னை வரவழைக்க அண்ணன் போட்ட திட்டமா?

அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். "அவருக்கு அந்தச் சூதெல்லாம் தெரியாது லா. அந்த வாரம் பூரா பால் டின்னுல ஆணியால குத்திக் குத்தி, அடுப்படி ஜன்னல்ல நின்னு என்னைய சமைக்கவே விடலை."

எனக்கு அழுகை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. என்மேல் இரக்கப்பட்டு அவர் கூப்பிடவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அவர் தன் சாமான் என்று எதையும் அந்த ஜன்னலில் மாட்டியதில்லையே என்றேன். அக்கா உள்ளே போய், பஸ்ஸின் பக்கவாட்டில் பின்னால் வருவதைப் பார்க்க இருக்கும் வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். விளிம்பில் ஒரு கீறல். வேலையிலிருந்து நின்ற அன்று கழற்றி வந்ததாம்.

அவரிடமிருந்து எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். அடுத்த முறை போனால் என்ன தெரியும் என்கிற ஆசைதான் வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தாயிற்று. நம் மையம் இருப்பது மாடியில். ஜன்னல் கம்பிக்கு வெளியே சற்றுச் சாய்த்துக் கட்டினால், படுத்திருக்கிற நமக்குக் கீழே சந்தில் போகிற வருகிற ஆட்கள் தெரியலாம். போனில் கேட்டால், தெரியும் என்கிறார் பாய். கூரைதான் தெரியும் என்கிறார் மிஸ்ஸி. நாளை செவ்வாய். நான் போய்ப் பார்க்க வேண்டும்.