ஓசி டிக்கெட்டுகள் தள்ளிய பஸ்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் அரசு பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். வண்டி கிழம். மழை பெய்தால் ரோட்டில் போகிறவர்களைவிட உள்ளே இருப்பவர்கள்தான் அதிகம் நனைவார்கள். பேட்டரி அதைவிட மோசம். அதனால் டிரைவர் அண்ணன் பழவேற்காட்டில் எஞ்சினை அணைக்கவே மாட்டார். டீயைக்கூட ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்துவிட்டு கிளாஸை நீட்டுவார்.

ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டிலேயே எஞ்சின் தானாக நின்றுவிட்டது. வண்டி நிறையக் கூட்டம். பாதிப் பேர் மார்க்கெட்டுக்கு இறாலும் நண்டும் கொண்டுபோகும் பெண்கள்; அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். டிப்போ மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"மெக்கானிக் ஒருத்தர்தான்யா. அவரும் வேற வண்டிக்கு அடியில படுத்திருக்கார். எப்படியாவது கொண்டாந்து சேத்துடுங்க" என்றார்.

நான் ஆண்களிடம், "கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க சார்" என்றேன்.

ஜன்னலோரம் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். "காசு குடுத்து வாங்கியிருக்கேன். ஓசில வர்றவங்கள தள்ளச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான், இரண்டு அன்னக்கூடையோடு ஏறிய பசியாவரம் கிராமத்து அக்காவிடம் "ஓசி டிக்கெட்டுக்கு இவ்ளோ லக்கேஜா?" என்று கேட்டிருந்தேன். அதே அக்கா இப்போது எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

"இன்னாங்கடி பாத்துக்கினு கீறீங்க? எறா நாறிடும். எறங்குங்க."

பெண்கள் மொத்தமும் இறங்கினார்கள். நானும் பின்னால் போய்க் கை கொடுத்தேன். சேற்றில் தடவி இறால் பிடிக்கிற கைகள். மூன்றாவது தள்ளில் வண்டி என் முகத்தில் கரும்புகையை அப்பிவிட்டுக் கிளம்பியது.

சிக்கல் அதன் பிறகுதான். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று அண்ணன் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டையே மெதுவாகச் சுற்றினார். பெண்கள் சிரித்துக்கொண்டே கூடவே நடந்து ஒவ்வொருவராக ஏறினார்கள்.

"டைம் ஆவுது, போப்பா" என்றார் வெள்ளைச் சட்டை.

"தள்ளுனவங்க ஏறாம வண்டி போவாது சார்" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமலே.

மூன்றாவது சுற்றில் கடைசி ஆளாக நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா படியிலிருந்து கையை நீட்டி இழுத்துப் போட்டார்.

"ஏறு நைனா. உனுக்கும் ஓசிதான?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு அடங்கியதும், "நேத்து அப்டி பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"வுடு. அந்தக் கூடைய இப்டி தள்ளு, நண்டு சாவுது."

டிப்போவில் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புது பேட்டரி கேட்டு எழுதி எழுதிக் கை வலிக்குதுய்யா. மேல பணமில்லங்கறாங்க." பிறகு, ஓரமாக நின்றிருந்த இன்னொரு ரூட் வண்டியின் பேட்டரியைக் கழற்றி எங்களுக்கும், எங்கள் பழசை அதற்கும் மாட்டச் சொன்னார்.

மறுநாள் காலை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் கண்டக்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.