மணல் மேட்டில் வெறுங்கால்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற ஷூ. உள்ளே விரலை விட்டுத் தடவ வேண்டும். நூல் முடிச்சோ ஆணியோ குத்தினால் ஒதுக்க வேண்டும், குத்தாவிட்டால் பாஸ்.

என் மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவள் அப்பா பைபாஸில் லாரி மோதி இறந்துபோனார். அதன் பிறகு வாசலுக்கு வெளியே இருப்பதெல்லாம் எனக்கு லாரிதான். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அக்காவிடம், கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுத்தான் விட்டேன். பிள்ளை வளர்க்கிறாயா, ஷோகேஸ் பொம்மை வளர்க்கிறாயா என்று அக்கா கிண்டல் செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுதாயா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அழவில்லை. சாப்பிட்டேன், ஷிப்டுக்குப் போனேன், தூங்கினேன். மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

எல்.கே.ஜி.யில் சேர்த்த கொஞ்ச நாளில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தை சும்மா சும்மா விழுகிறாள், படி ஏற வரவில்லை, காலை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார். வேலூருக்குக் கூட்டிப்போனேன். காலில் ஏதாவது கோளாறு என்றால் காலம் பூரா இவளை யார் தூக்கிச் சுமப்பது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். யோசனைதான் வந்தது, பயம்கூட வரவில்லை.

டாக்டர் அம்மா முட்டியைத் தட்டிப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தார்.

"காலுல ஒண்ணும் இல்லம்மா. மண்ணுல வெறுங்காலோட விடுங்க. ஓடட்டும், ஏறட்டும், விழட்டும். அதான் மருந்து."

நல்ல ஆளைப் பார்த்துத்தான் ஷூவைக் கழற்றச் சொன்னார்!

எங்கள் தெருக்கோடியில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் குவிந்து கிடக்கும். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அதன் மேல்தான். முதல் நாள் ஷூவைக் கழற்றி அங்கே இறக்கிவிட்டதும், இவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஷூ வேண்டும் என்று ஒரே அழுகை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல அழுகை நின்றது. அப்புறம் மணலைத் தோண்டினாள், மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டாள், ராத்திரி இரண்டு தோசை கேட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டின் பாதிவரை ஏறி, அங்கிருந்து உருண்டு விழுந்தாள். முட்டியில் ரத்தம். என்னையே பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, உடம்பு எழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவள், கவுனைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். உச்சிக்கே போய்விட்டாள்.

"இன்னா தைரியம்டி உனக்கு" என்றார் என் பக்கத்தில் நின்றிருந்த கீழ்வீட்டு அக்கா. "நானா இருந்தா ஓடிப்போய் தூக்கியிருப்பேன்."

தைரியமாவது ஒன்றாவது.

அவள் இறங்கி வந்து என் மடியில் காலை நீட்டினாள். கம்பெனிப் பழக்கத்தில் உள்ளங்காலைத் தடவினேன். தோல் சொரசொரப்பாகியிருந்தது. குதிகால் பக்கம் ஒரு பொடிக்கல் விரலில் குத்தியது. பிடுங்கி எடுத்தேன்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது" என்று சிரித்துவிட்டு மறுபடி மேட்டுக்கு ஓடினாள்.

ஓடுகிறாள். இதைப் பார்க்க அவள் அப்பா இல்லை. இரண்டு வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க வாய்விட்டு அழுதேன்.