நூரியா உம்மாவின் காது

“போடுங்க,” என்றது திரை.

றப்பர்த் தோட்டத்துச் சுப்பம்மா, தன் கழுத்திலிருந்து கழற்றிய, கயிற்றில் கோக்கக் காது ஒட்டிய விக்டோரியா ராணி ரூபாயை வாசற்படிக் கல்லின் மேல் போட்டாள். காசு கணீரென்று தொடங்கி, பாதியில் தொண்டை அடைத்தாற்போல் நின்றது. திரை சற்று யோசித்தது.

“வெள்ளி நல்ல வெள்ளி. காது ஒட்டினவன்தான் கள்ளன். ஈயத்த அள்ளிப் பூசி வச்சீக்கிறான்.”

“பாக்காமலே எப்பிடிங்க முதலாளியம்மா சொல்றீங்க? ஒட்டுனது எங்க சின்ன மாமனாருங்க.”

“அவருக்கு நான் சலாம் சொன்னதாச் சொல்லுங்க. ஈயத்துக்கு நான் சல்லி தரமாட்டேன்.”

புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நிலாம் முதலாளியின் மனைவி நூரியா உம்மா பழைய வெள்ளிக் காசு வாங்கும் முறை இதுதான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நிலை. அதில் நீலச் சீத்தைத் துணித் திரை. திரைக்கு வெளியே ஒரு கருங்கற் படி. அந்நிய ஆண்கள் வந்துபோகும் கடைக்குள் அவர் வருவதில்லை. ஆகவே வெளியுலகம் முழுவதும் அவருக்குத் திரையின் அடி விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் உயரத்தில்தான் நடக்கிறது. ஊராரைக் கணுக்காலுக்குக் கீழே மட்டும் அறிந்தவர் என்றாலும், அந்த அறிவு மிக ஆழமானது. கால் விரல்களை மடக்கிக்கொண்டு நிற்பவன் பொய் சொல்கிறான் என்பது அவருடைய சித்தாந்தம். அது ஒருமுறைதான் தவறியது. அந்த ஆளின் காலில் முள் தைத்திருந்தது.

எதையும் தட்டிக் கேட்காமல் அவர் ஏற்பதில்லை. பலாப்பழம், தேங்காய், மண்சட்டி எல்லாம் அவர் விரல் முட்டியின் விசாரணைக்கு உட்பட்டவை. மகள் மர்லியாவுக்கு வந்த மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்க முடியாத காரணத்தால், அவன் நடந்து வந்த செருப்போசையைக் கேட்டே சம்மதம் சொன்னார் என்று ஊரில் பேச்சு. அவர் அதை மறுக்கவில்லை. மருமகன் இன்றுவரை ஒழுங்காகத்தான் நடக்கிறான்.

ஓசையில் தேறிய காசு அடுத்ததாகத் தராசுக்குப் போகும். ஒரு தட்டில் புது ரூபாய், மறு தட்டில் பழையது. தேய்ந்த அளவுக்குக் கழிவு, துளை இருந்தால் கழிவு, எழுத்துத் தெளிவாக இருந்தால் கொஞ்சம் கூடுதல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டு வருபவளிடம் விலையைக் குறைப்பதும் இல்லை, தனக்கு வேண்டும் என்பதற்காகக் கூட்டிக் கொடுப்பதும் இல்லை. “வெள்ளிக்கு வெல ஈக்கி. அவசரத்துக்கு வெல இல்ல,” என்பார். வெள்ளைக்காரன் பாங்கிகள்கூட இன்னும் எட்டாத நிலை இது.

நிலாம் முதலாளிக்கு மட்டும் மனைவியின் காதில் நம்பிக்கை இல்லை. திரைக்குப் போகும் வழியைப் பாதி அடைத்துக்கொண்டுதான் அவர் நாற்காலி கிடக்கும். கொழும்பில் வாங்கிய பூதக்கண்ணாடி ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். தோட்டத்துத் தொரைக்குப் பழைய காசு சேர்க்கும் பித்து. ஒருபுறம் அரசர் தலையும் மறுபுறம் யானையும் உள்ள, நூறு வருசத்துப் பழைய இலங்கை வெள்ளிக் காசு ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார். முதலாளி வரக்காப்பொலச் சந்தைக்குப் போய், மனைவியைக் கேட்காமல், கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்றை வாங்கிவந்தார். யானையின் தும்பிக்கையைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், வால் நுனி மயிரைக்கூடப் பார்த்தார். யானை ஈயத்தால் ஆனதா என்று மட்டும் பார்க்கவில்லை. தொரை பேனாக்கத்தியால் ஒரு சுரண்டல் சுரண்டினாராம்; பிறகு சிரித்தாராம். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சனிக்கிழமைக்குள் உண்மையான யானைக்காசு வராவிட்டால், பங்களாவுக்கு மாதாமாதம் போகும் சாமான் இனிமேல் எதிர்க்கடை முக்தாரிடமிருந்து போகும் என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்தப் பங்களாச் சாமான்தான் இந்தக் கடையின் பாதி உயிர்.

தேவை ஊருக்குத் தெரிந்துவிட்டால் சரக்குத் தானே நடந்து வரும். வெள்ளிக்கிழமை பிற்பகல், மழைக்கு நடுவே, பொட்டணி சுமந்து புடைவை விற்கும் புவாட் வந்து திரைக்கு முன்னால் நின்றான்.

“ஆனைக்காசு ஒண்டு ஈக்கி ராத்தா. பத்து ரூவா,” என்று அக்கா முறை கொண்டாடினான்.

“போடுங்க.”

போட்டான். கல்லில் விழுந்த காசு நீளமாகப் பாடியது. மழை இரைச்சலுக்குள்ளும் அது தனியாகக் கேட்டது. நூரியா உம்மாவின் நெஞ்சு ஒருமுறை துள்ளி அடங்கியது. துள்ளியது குரலில் தெரியவில்லை.

“மூணு ரூவா.”

“ராத்தா, நூறு வருசக் காசு. தொரைக்கி வேணும்டு ஊரெல்லாம் பேசுது.”

“தொரைக்கி வேணும்டா வெள்ளி கூடுமா நானா?” என்று திரையும் அவனை அண்ணனாக்கியது. “எடைக்கி ஒரு ரூவா தேறாது. ஆனைக்கி ரெண்டு ரூவா போட்டீக்கிறேன். மூணு.”

“சரி, மூணு,” என்றான் புவாட்.

அங்கேதான் நூரியா உம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. பத்திலிருந்து மூன்றுக்கு இத்தனை சுலபமாக இறங்குபவன் பொட்டணி வியாபாரியே இல்லை. குனிந்து பார்த்தார். சேறு படிந்த பத்து விரல்களும் மடங்கியிருந்தன.

திரைக்கடியில் அவன் கை காசை நீட்டியது. வாங்கினார். மழையில் வந்தவன் காலடியில் ஈரமான கல்லிலிருந்து எடுத்த காசு சில்லென்று இருக்க வேண்டும். இதுவோ இடுப்பு மடியில் தூங்கி எழுந்துவந்த சூட்டில் இருந்தது. விரலுக்குச் சவர்க்காரம்போல் வழுக்கியது. பாடியது வேறு, கைக்கு வந்தது வேறு. திரை மறைவில் காசு மாறிவிட்டது. திரை இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று நம்பியவன் செய்த வேலை.

கத்தலாம். கத்தினால் கடையில் நாலு பேர் கூடுவார்கள், அவன் ஓடுவான், அவன் மடியில் இருக்கும் நிசமான யானையும் அவனோடு ஓடும். நாளைக்குச் சனிக்கிழமை.

“நானா,” என்றது திரை, தேன் சொட்ட. “இந்த மழையில எனக்கி ஓச சரியா வெளங்கல்ல. வயசு போகுதுதானே. இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்க. படியில வாணாம், தண்ணி நிக்கிது. திரைக்கி உள்பக்கமாப் போடுங்க, இங்க சீமெந்து.”

ஈயக்காசு வெளியே போனது. புவாட் சற்றுத் தயங்கினான். ஈயத்தைப் போட்டால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். வேறு வழியில்லை. மடிக்குள் கை போய் வந்தது. நல்ல காசு திரைக்கடியால் உருண்டு வந்து, சீமெந்துத் தரையில் விழுந்து கணீரென்று சுழன்றது.

அது சுழன்று முடியவில்லை. நூரியா உம்மா தம் வலது காலை எடுத்து, அந்தக் காலத்து இங்கிலாந்து அரசரின் முகத்தின் மேல் அழுத்தமாக வைத்தார். இராச நிந்தனைதான், ஆனாலும் புவாட்டின் மடியைவிட அங்கே அரசருக்குப் பாதுகாப்பு அதிகம்.

“இப்ப நல்லா வெளங்கிச்சி. இந்தாங்க மூணு ரூவா.”

வெளியே புவாட்டின் குரல், மெலிந்து:

“ராத்தா, ஒருக்காத் தாங்க. அழுக்கா ஈக்கி, தொடச்சித் தாறேன்.”

“அழுக்கு எனக்கிப் பரவால்ல.”

“இல்ல ராத்தா, வெல கொஞ்சம்...”

“வெல நீங்களே சம்மதிச்ச வெல. உங்களுக்கும் அநியாயமில்ல, எனக்கும் அநியாயமில்ல. மடியில இன்னொண்டு ஈக்கிதே, அதையும் விக்கணும்டாச் சொல்லுங்க. அதுக்கு ஈய வெலதான்.”

கடையில் வெற்றிலை வாங்க நின்ற கன்னையா கங்காணி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மூன்று ரூபாயைப் பொறுக்கிக்கொண்டு, சேற்றுக் கால்கள் மழைக்குள் போயின. தன் காசைச் சரியான விலைக்கு விற்றுவிட்டு இத்தனை துக்கத்தோடு போன வியாபாரியை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை.

“மர்லியாட வாப்பா,” என்று திரை கூப்பிட்டது. “கண்ணாடி வச்சிப் பாக்கிறதுண்டாப் பாருங்க.”

நிலாம் முதலாளி பார்க்கவில்லை. மறுநாள் காலை காசு பங்களாவுக்குப் போனது. தொரை கத்தியை எடுத்துச் சுரண்டினார், இம்முறை சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் பங்களாச் சமையல்காரர் அரிசிக்கும் சீனிக்கும் சாக்குகளோடும் மண்ணெண்ணெய்க்குத் தகரத்தோடும் வந்து நின்றார். எதிர்க்கடை முக்தார் அன்று வெயிலே இல்லாதபோதும் தம் கடை முன்னால் கட்டிய படங்குத் துணியை இறக்கிவிட்டார்.

அன்று மாலை கித்துல்கலப் பக்கத்திலிருந்து ஒருவர் கைக்குட்டையில் பழைய காசுகளை முடிந்து கொண்டுவந்து, கடை வழக்கம் தெரியாமல் முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வாங்கவில்லை. திரைக்கு உள்ளிருந்து நூரியா உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படிக்கு அருகே இருந்த அவர் கணவரின் நாற்காலிக் கால்கள் நான்கும் மெல்ல மேலே எழுந்தன. ஒருபுறமாக நகர்ந்து தரையில் இறங்கின. வந்தவரின் கால்களுக்குத் திரைவரை வழி திறந்திருந்தது.