மூன்றாம் இழுப்பு

எங்கள் கடல்நிலா விளையாட்டுக் கழகத்தில் பந்தைக் காலால் தொடாமலே ஊருக்கெல்லாம் தெரிந்த ஆள் அருமைநாயகம் அண்ணன். மைதானத்துக்குக் கோடு போடுவது அவர் பொறுப்பு. தொழில் வாவியில் இறால் பிடிப்பது. போட்டி நாளில் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு, சுண்ணாம்புச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். பின்னால் அவர் மனைவி அன்னப்பூரணி அக்கா, நீளக் கயிற்றை வளையமாகச் சுற்றிக் கையில் மாட்டிக்கொண்டு வருவார். நான் கழகத்துக்குத் தண்ணீரும் தோடம்பழமும் சுமப்பவன். அதனால் இருவரையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு கீற்று மணல். மைதானம் கடலோரம். அதன் நடுவில் மணல் மேடு தட்டியிருக்கும். இந்த மூலையில் நிற்பவருக்கு அந்த மூலையில் நிற்பவரின் தலைதான் தெரியும். குனிந்தால் அதுவும் தெரியாது. குரலைக் காற்று கொண்டு போய்விடும். ஆகவே அவர்கள் கயிற்றால் பேசிக்கொண்டார்கள். அக்கா கடற்பக்க மூலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு தரம் இழுப்பார். மூலைக்கு வந்துவிட்டேன், கயிற்றை நிலத்தில் பதி என்று அதற்கு அர்த்தம். அண்ணன் பதிப்பார். ஆணியால் துளையிட்ட பால்மாத் தகரத்தில் சுண்ணாம்பை நிரப்பி, கயிற்றோரமாக உதறிக்கொண்டு போனால் கோடு நூல் பிடித்ததுபோல் விழும்.

சில நாளில் மூன்றாவது இழுப்பு ஒன்றும் வரும். அது பகிடிக்கு. அண்ணனைத் தடுமாற வைக்க அக்கா வெடுக்கென்று இழுப்பார். அண்ணனும் சும்மா விடமாட்டார். சட்டென்று கையைத் திறந்துவிடுவார். மேட்டுக்கு அப்பால் அக்கா மணலில் குந்திவிடுவார். பிறகு சேலையைத் தட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்து பேசுவார்.

"இஞ்சேருங்க, ஊர்ப் பொடியனுகள் பார்க்க என்னை விழுத்துறீங்களே, உங்களுக்கு வெக்கம் இல்லையா?"

"ஆரு முதல்ல இழுத்த?"

"நான் இழுப்பன். நீங்க பிடிச்சிருக்க வேணும்."

பொடியன்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஒரு போட்டி இருந்தது. அன்று பூரணை என்பதால் நான் வீட்டாரோடு அமிர்தகழிக்கு, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டேன். அந்த ஈசன் என்னை அங்கே அழைத்து வைத்திருந்தான். அவர்கள் இருவரையும் ஏன் அழைக்கவில்லை என்று இன்றைக்கும் சன்னிதியில் நின்று கேட்கிறேன். கேட்பதோடு சரி.

காலையில் அவர்கள் கோடு போட்டுக்கொண்டு நின்றபோது கடல் ஊருக்குள் ஏறியது. அண்ணனை மத்தியானம்போல் வாவிப்பக்கத் தென்னை ஒன்றிலிருந்து இறக்கினார்கள். அக்கா கிடைக்கவேயில்லை. அண்ணன் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"கயிறு அறுந்து போச்சு."

ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது.

கழகம் மறுபடி தொடங்கியபோது அண்ணன் ஒரு கயிற்றோடு வந்தார். புதிது என்றார். ஆனால் பாதிக் கயிற்றுக்கு அடையாளமாக அதில் ஒரு நீலத் துணி முடிந்திருந்தது. அது அக்காவின் பழைய சேலைக் கரை. அக்கா அதைக் கிழித்து முடிந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கயிற்றில் ஒட்டுப் போட்ட இடம் எங்கும் இல்லை. நுனியில் அக்கா கையை நுழைக்கும் கண்ணியும் அப்படியே இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு மனுசனிடம் மிஞ்சியிருப்பதே அந்தப் பொய்தான் என்றால் அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு கயிற்றின் மறு நுனியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. இரும்பு முளை அடித்து அதில் கட்டுவார். மணலில் முளை நிற்காது, சரியும். கோடு வளையும்.

"அண்ணே, கோட்டுக்கு வயித்துவலியா? இப்பிடி வளைஞ்சு கிடக்கு?" என்று விளையாட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"கண்ணைச் சரிச்சுப் பாருங்கடா, நேராத் தெரியும்" என்பார். அவர் சிரிப்பதில்லை.

கோணல் கோட்டைக் குறை சொல்லப் பார்வையாளரும் இல்லாமல் போனார்கள். கடலோர வீடுகளை இழந்தவர்களுக்கு உள்ளே தள்ளிக் காணி கொடுத்தார்கள். சண்டை சிலரைக் கொண்டு போனது, சிலரைத் துரத்தியது. ஒரு காலம் கோல் அடித்தால் பாலத்தடி வரைக்கும் கேட்கும். இப்போது கோல் அடித்தால் கடல் மட்டும்தான் சத்தம் போட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது. ஆனியில் கழகத்தின் கூட்டம். செயலாளர் ஜெயரூபன், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கந்தோரில் வேலை செய்பவர், எழும்பிச் சொன்னார்.

"இந்த வருசம் எங்கட சொந்தப் போட்டி நாலு. ரெண்டை ஏறாவூர்ல விளையாடுவம், ஒண்டை உன்னிச்சையில. கடைசிப் போட்டி இஞ்ச."

"சொந்தப் போட்டியை அடுத்த ஊர்லயா? அது என்ன விளையாட்டு?" என்று யாரோ கேட்டார்.

"ஊர்ல சனம் இல்ல. சனம் இருக்கிற ஊருக்கு நாம போவம். நாலு தரம் பார்த்தா எங்கட டீம் எண்டு சொல்லத் தொடங்குவினம்."

அருமைநாயகம் அண்ணன் மூலையில் இருந்து மெதுவாகக் கேட்டார்:

"அப்ப இஞ்ச ஆரு நிக்கிற?"

"இஞ்சதான் ஒருத்தரும் இல்லையே அண்ணே."

அண்ணன் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தார். எழும்பிப் போனார்.

ஏறாவூர்ப் போட்டிக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வான் வண்டியில் முதல் ஆளாக ஏறி, சாக்கையும் கயிற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காவலரணில் ஒரு சிப்பாய் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, எதற்கு என்று சைகையால் கேட்டான். ஜெயரூபன் பந்தைக் காட்டினார். சிப்பாய் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் அண்ணன் அதன் மற்ற நுனியை விடவில்லை.

ஏறாவூர் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் உசனார் காக்கா. காக்கா என்றால் முஸ்லிம் ஊர்களில் அண்ணன். அறுபதைத் தொட்டவர், தொப்பியும் மடித்துக் கட்டிய சாரனுமாக நிற்பவர். தொண்ணூறாம் ஆண்டு ஒரே இரவில் கூடப்பிறந்தவர் இருவரை இழந்தவர். எங்கள் தமிழ் ஆட்களின் பெயரால் நடந்த கொலை அது. இதை வரும் வழியிலேயே ஜெயரூபன் எங்களுக்குச் சொல்லி, பார்த்துக் கதையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அண்ணன் முளையை அடித்தார். அது இறங்கவில்லை.

"என்ன தம்பி, நெலத்துக்கு ஊசி போடுறீங்களா?" என்று காக்கா வந்தார். "இது கிரவல். ஒங்கட கடக்கர மணல் இல்ல. தாங்க கயித்த."

"வேணாம் காக்கா. நான் தனியச் செய்வன்."

"தனியப் போட்டா பாம்பு போன தடம் மாதிரித்தான் கிடக்கும். என்ட மைதானத்தில பாம்பு வேணாம்."

நடுவரும் வந்தார். மூன்று மணிக்குள் கோடு நேராக இல்லையென்றால் போட்டி இல்லை, புள்ளி எதிர் அணிக்கு என்றார். ஜெயரூபன் அண்ணனைப் பார்த்தார். வேலியோரம் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள், கச்சான் கடலை விற்பவரும் வந்துவிட்டார். அண்ணன் கயிற்றின் கண்ணியைக் காக்காவிடம் நீட்டினார்.

காக்கா அந்த மூலைக்குப் போனார். தொய்வை எடுக்க ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். நான் சுண்ணாம்புத் தகரத்தோடு அண்ணன் பக்கத்தில் நின்றேன். அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. கயிறு இன்னும் கல்லில் சிக்கியிருந்ததால் காக்கா மூன்றாவது முறை பலமாக வெடுக்கென்று இழுத்தார்.

அண்ணன் இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, குதிக்காலை ஊன்றி, சுறா பட்ட தூண்டிலை இழுப்பதுபோல இழுத்தார். அந்தப் பக்கம் உசனார் காக்கா முகம் குப்புற விழுந்தார். விழுந்தவரையும் அண்ணன் விடவில்லை. கைக்கு மேல் கை போட்டு இழுத்துக்கொண்டே இருந்தார். நான் தகரத்தைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிப் பிடித்தேன்.

வேலியோரச் சனம் உள்ளே ஓடி வந்தது. ஒரு தமிழன் உசனார் காக்காவை இழுத்து விழுத்திவிட்டான். அந்தக் காலத்தில் இவ்வளவு போதும், பொழுதுபடுமுன் கடைகள் பூட்டப்படுவதற்கு. ஜெயரூபன் வெளிறிப்போய் நின்றார். நான் மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டேன்.

காக்கா எழும்பினார். தாடியெல்லாம் புழுதி.

"என்னத்துக்கு ஓடி வாறீங்க? என்ட நெலத்த நான் கொஞ்சினன். போங்க, போங்க, கோடு இன்னும் போடல்ல!"

சனம் சிரித்துக்கொண்டு திரும்பியது. அவர் நேரே அண்ணனிடம் வந்தார். முழங்கை உரிந்து இரத்தம் வந்தது. வாகை மரத்தடியில் இருத்தி நான் தண்ணீர் ஊற்றினேன்.

"ஏன் தம்பி அப்பிடிப் பிடிச்சீங்க?"

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு விட்டிட்டன் காக்கா."

பிறகுதான் அது வெளியே வந்தது. அன்று காலை அக்கா மேட்டுக்கு அப்பால் போய் இரண்டு தரம் இழுத்தாராம். அண்ணன் கயிற்றைப் பதிக்கக் குனியும்போது மூன்றாவது இழுப்பு வந்ததாம்.

"பகிடி எண்டு நினைச்சன். கையைத் திறந்து விட்டிட்டன். விட்டிட்டுச் சிரிச்சன், காக்கா. மேட்டில ஏறி வந்து பேசுவாள் எண்டு பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டன். மேட்டில தண்ணிதான் ஏறி வந்தது." உள்ளங்கையை மூடிக்கொண்டு, "கயிறு அறேல்ல. மூணாம் நாள் தாழம்புதருக்குள்ள எடுத்தன். முழுசாக் கிடந்தது" என்றார்.

"நீங்க விடாட்டி ரெண்டு பேருமெல்லோ போயிருப்பீங்க."

"அதைத்தான் காக்கா நானும் சொல்றன்."

உசனார் காக்கா சாரனில் பட்ட இரத்தத்தைப் பார்த்தார். "எழும்புங்க. மூணு மணிக்கு முன்ன நாலு பக்கமும் போட வேணும்" என்று சொல்லிவிட்டு, கண்ணியைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் நாங்கள் அடித்த அந்த ஒரு கோலுக்கு ஏறாவூர்ச் சனம் எழும்பி நின்று கத்தியது. எத்தனை வருசத்துக்குப் பிறகு! எங்கள் பொடியன்கள் வானுக்குள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது ஏறாவூர்ப் போட்டிக்கு வேலி முழுக்க ஆள். உன்னிச்சையில் வயல்காரர்கள் உழவு மெசினை நிறுத்தி அதன் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அங்கேயும் கண்ணியைப் பிடிக்க உசனார் காக்கா பஸ் ஏறி வந்தார்.

"என்ட மைதானக் கோட்டுக்கு இருக்கிற பேரை இந்தாள் இஞ்ச வந்து கெடுத்துப் போடக் கூடாது" என்றார், நாங்கள் கேட்காமலே.

கடைசிச் சொந்தப் போட்டி எங்கள் ஊரில். ஏறாவூரிலிருந்து இரண்டு பஸ், உன்னிச்சையிலிருந்து ஒரு உழவு மெசின் பெட்டி நிறைய ஆட்கள். "எங்கட டீம்" என்று வந்தார்கள். ஜெயரூபன் சொன்னது பலித்துவிட்டது. காலை தொடங்கி அண்ணன் ஒன்றும் சாப்பிடவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தார்.

காக்கா கண்ணியில் கை நுழைத்து மேட்டில் ஏறினார். தொப்பி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. காற்று கடுமையாக வந்தது. கயிறு இரண்டு தரம் அசைந்தது. அண்ணன் பதித்தார். நான் தகரத்தை உதறிக்கொண்டு மேடு ஏறி, கடற்பக்க மூலை வரை போய், திரும்பி வந்தேன். கோடு அவ்வளவு நேராக இருந்தது. அண்ணன் அதே இடத்தில் குந்தியபடி, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"முடிஞ்சுதண்ணே" என்றேன்.

"ஓம்" என்றார். விடவில்லை.

காக்கா தன் நுனியை மூலைக் கொடிக்கம்பில் கட்டிவிட்டு மேட்டைத் தாண்டி வந்தார். சற்று நின்று, கேட்கக் கூடாததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"நான் போய் அந்த மூணாவதை இழுக்கவா தம்பி?"

"வேணாம் காக்கா. நீங்க இழுத்தா அது நீங்கதானே."

மற்றக் கோடுகளை கழகத்தில் கிடந்த வேறொரு கயிற்றால் காக்காவும் நானும் போட்டு முடித்தோம். போட்டி தொடங்கியது. அண்ணன் கோட்டுக்கு வெளியே இருந்துகொண்டார். கயிறு கோட்டோரமாக மேட்டைத் தாண்டிக் கடற்பக்கம் போய்க் கிடந்தது. நாங்கள் முதல் கோலை அடித்தபோது மைதானமே எழும்பி ஆர்ப்பரித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி விசில் ஊதியதும், வென்ற எங்கள் பொடியன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ்கள் ஆட்களை ஏற்றின.

"கயித்தச் சுத்தவா?" என்று காக்கா கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா."

ஏறாவூர் பஸ் இரண்டு தரம் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. காக்கா சாரனை ஒதுக்கி அண்ணனுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார். நான் மிஞ்சிய தோடம்பழத்தை உரித்து இருவருக்கும் கொடுத்தேன். காக்கா வாங்கினார். அண்ணனுக்குக் கை ஒழியவில்லை.

மேட்டின் மேல் அந்த நீலத் துணி காற்றில் அசைந்தது. அது அசையும்போதெல்லாம் அவர் விரல்கள் கயிற்றை இறுக்கின.