ஆட்சேபனை இல்லையே?

ஒரு வாக்கியம் எழுத எனக்கு ஏழு வருடம் பிடித்தது. ஆட்கள் அதற்குள் நாலு நாவல் எழுதிவிடுவார்கள் என்று என் மனுசன் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். அது நாவலில் வருகிற வாக்கியம் இல்லை. ஒரு கொம்பியூட்டர் மொழியின் விதிப் புத்தகத்தில் சேர வேண்டியது. அந்த மொழி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பல நாட்டு ஆட்கள் கூடி, சண்டை பிடித்து, அந்தப் புத்தகத்தைத் திருத்துகிறோம். அந்தக் கூட்டங்களுக்குக் கனடாவின் சார்பில் போகிற இரண்டு பேரில் நான் ஒருத்தி.

என் வாக்கியம் பிறந்தது கோபத்தில். நாங்கள் எழுதும் புரோகிராமை மெஷினுக்கு விளங்குகிற மாதிரி மாற்றித் தருவது கொம்பைலர். ஒருமுறை, கணக்குப் பிழைத்தால் உடனே நிறுத்து என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு சோதனையை, இது பிழைக்கவே பிழைக்காது என்று தானாக முடிவெடுத்து, அது தூக்கி எறிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பிழை எங்கே என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தேடினேன். கடைசியில் புத்தகத்தைப் பார்த்தால், அப்படி எறிய அதற்கு முழு உரிமையும் இருந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. என் வாக்கியம் கேட்டது இவ்வளவுதான்: எடுத்தால், எடுத்ததைச் சொல்ல வேண்டும்.

'சொல்ல வேண்டும்' என்று போடுவதா, 'சொன்னால் நல்லது' என்று போடுவதா என்பதில் இரண்டு வருடம் போயிற்று. எங்கள் புத்தகத்தில் 'வேண்டும்' என்றால் கட்டளை. 'நல்லது' என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மிச்ச ஐந்து வருடத்தையும் ஒரு ஜப்பான்காரர் எடுத்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சுக் குறைவு. என் வாக்கியம் வந்தால் பழைய புரோகிராம்கள் எல்லாம் ஒரே நாளில் எச்சரிக்கை கத்தத் தொடங்கும், பிறகு எந்த எச்சரிக்கையையும் எவரும் வாசிக்கமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பி, குனிந்து, ஆட்சேபனை சொல்லி, திரும்பவும் குனிந்துவிட்டுத் தன் இடத்தில் இருந்துவிடுவார். அப்படிப்பட்ட ஆளை வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

கடைசிக் கூட்டம் ரொறொன்ரோவில் நடந்தது. டவுன்ரவுனில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறை. கூட்டத்தை நடத்துகிறவர்கள் நாங்கள் என்பதால் தேத்தண்ணி நேரத்துக்கு ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி ரோல்ஸ் சொல்லியிருந்தேன். ஜப்பான்காரர் நாளுக்கு நாலு சாப்பிட்டார். ரோல்ஸுக்கு அவர் ஒரு நாளும் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு புத்தகத்தைப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு என் வாக்கியம் உள்ளே போகாவிட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. காலையில் பிக்கரிங் ஸ்டேசனில் இறக்கிவிடும்போது மனுசன் கேட்டார்:

"உமக்குப் பயம் இல்லையே?"

"ஓம்," என்றேன்.

"தோத்தாலும் பரவாயில்லை. ரோல்ஸ் மிஞ்சினா கொண்டு வாரும்."

"நீங்கள் ஒருக்கா வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

கனடாவின் மற்ற ஆளுக்கு அன்று பார்த்துப் பல்வலி. கனடா என்று எழுதிய பலகைக்குப் பின்னால் நான் தனியே இருந்தேன். எங்கள் வழக்கப்படி தலைவர் ஒவ்வொரு நாடாகக் கேட்டுக்கொண்டு வருவார். ஒரு நாடு ஆட்சேபித்தாலும் விசயம் முடிந்தது. தலைவர் ஒரு டச்சுக்காரர். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற ஆள்.

"கனடா, ஆட்சேபனை இல்லையே?"

"யெஸ்," என்றேன்.

இருபது வருடத்துக்கு மேல் இங்கிலீஷில் வேலை செய்கிறேன். ஆனால் நெஞ்சு படபடக்கும்போது வாயில் இங்கிலீஷ் வந்தாலும் யோசனை தமிழில்தான் ஓடுகிறது. இல்லையே என்று கேட்டால் நாங்கள் ஓம் என்போம். நீங்கள் சொன்னது சரி, இல்லை என்று அர்த்தம். இங்கிலீஷில் அது தலைகீழ். தலைவரின் பேனை நின்றது.

"கனடா ஆட்சேபிக்கிறதா?"

"நோ."

"அப்படியென்றால் ஆட்சேபனை இல்லை?"

"யெஸ்."

அவர் எழுதியதை வெட்டினார். திரும்ப எழுதினார். அதையும் வெட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது நீங்கள் எழுதிய வாக்கியம்தானே?" என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. ஏழு வருடம் தூக்கிச் சுமந்துவிட்டு, கடைசி நிமிசத்தில் என் வாயாலேயே கெடுக்கிறேனே என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் அடுத்த 'யெஸ்' விழுந்துவிடுமோ என்று பயந்து, கனடாப் பலகையை நேராக்கி வைத்தேன்.

ஜப்பான்காரர் எழும்பினார். குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"கனடாவுக்கு ஆட்சேபனை இல்லை," என்றார். "எங்கள் மொழியிலும் இப்படித்தான். இல்லையே என்று கேட்டால், இல்லை என்பதற்கு ஆம் என்போம்."

தலைவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். அடுத்தது ஜப்பானின் முறை. ஜப்பான்காரர் இன்னும் நின்றபடிதான் இருந்தார்.

"ஜப்பான், ஆட்சேபனை இல்லையே?"

அவர் மேசையில் கிடந்த தன் ஆட்சேபனைக் குறிப்பைப் பார்த்தார்.

"யெஸ்," என்றார்.

தலைவர் அவரைப் பார்த்தார். தான் சற்று முன் குறித்ததைப் பார்த்தார். 'இல்லை' என்று எழுதினார். மற்ற நாடுகளிடம் கேட்டு முடிக்க நாலு நிமிசம்கூட ஆகவில்லை. என் வாக்கியம் புத்தகத்துக்குள் போய்விட்டது.

தேத்தண்ணி நேரத்தில் அவரைத் தேடிப் போனேன். ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"உங்கள் யெஸ் எங்கள் யெஸ்ஸா, இங்கிலீஷ்காரரின் யெஸ்ஸா?" என்று கேட்டேன்.

அவர் ஆற அமர மென்று முடித்தார். "தலைவர் எழுதிவிட்டார்," என்றார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, "ஏழு வருடம். இனி உங்களுக்கு என்மேல் கோபம் இல்லையே?" என்று கேட்டார்.

"யெஸ்," என்றேன்.

அவர் விளக்கம் கேட்கவில்லை. குனிந்தார்.