பொற்கொடி பெயரில் இருந்த சர்க்கரை

வெள்ளகோவில் திருமூர்த்தி மஸ்கட்டில் பதினோரு வருடமாகப் பம்பு மெக்கானிக். அவனுக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை என்பது மனைவி பொற்கொடிக்கு மட்டுமே தெரியும். நோய் தெரிந்தால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் லேப் ஆளை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் கொடுப்பான்; சீட்டில் மனைவி பெயரைப் போடச் சொல்வான். அதைக் காட்டிக் காங்கேயத்து டாக்டரிடம் அவள் மாத்திரை எழுதி வாங்கி வருவாள். காங்கேயத்தில் பெயர் பதிந்தால் மஸ்கட்டுக்கு எட்டிவிடும் என்று அவன் மெய்யாகவே நம்பினான்.

இந்த வருடம் புதுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. காப்பீட்டுப் படிவத்தில், ஏற்கெனவே உள்ள நோய்களை எழுதிச் சிகிச்சைச் சீட்டுகளை இணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"இல்லைன்னு போட்டு அனுப்பிருங்ணா. அல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றான், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கோவை ஏஜென்ட் ஆல்வின், போனில்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னதே திருமூர்த்திக்கு உறுத்தியது. ஆள் ஏறினால் ஆல்வினுக்குக் கமிஷன். அங்கே போய் நோயில் படுத்துக்கொண்டால் அவனுக்கென்ன? பழைய கம்பெனியில் அறையில் கூட இருந்த அஃப்தாப்பும் இல்லையென்றுதான் எழுதினான். கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று டாக்டர் கேட்க, வலியில் உண்மையைச் சொல்லிவிட்டான். காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். திருமூர்த்திக்கும் இப்போது பாதம் மரத்துப்போகிறது.

உள்ளதை எழுதிவிடலாம் என்றால் ஏழு வருடத்துச் சீட்டிலும் பொற்கொடியின் பெயர். அதை எல்லாம் தன் பெயருக்கு மாற்றி வாங்கப் போவதாக அவளிடம் சொன்னான்.

"ஏனுங்க, என்ற பேர்ல இருக்கற சக்கரைய என்னையக் கேக்காம எப்படிங்க எடுத்துட்டுப் போவீங்க?" என்றாள் அவள், வெங்காயம் உரித்துக்கொண்டே. அவளுக்குச் சிரிப்பு. அவனுக்கோ இவளும் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று மனதில் ஓடியது.

இருவருமாகக் காங்கேயம் போனார்கள். டாக்டர் மோகனப்பிரியா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மாத்திரைய இவங்க முழுங்கியிருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

பழைய சீட்டில் கைவைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் பெயரிலேயே ரத்தம் எடுத்து, பாதத்தைக் குத்திப் பார்த்து, இன்றைய தேதியில் ஒரு கடிதம் கொடுத்தார். ஏழு வருடமாக இருப்பதாக நோயாளியே சொல்கிறார் என்று அதில் ஒரு வரி. இதைப் படித்தால் வேலையே போகுமோ என்று திருமூர்த்திக்குப் பயம். ஆனாலும் ஆல்வின் அந்த வரியை நீக்கிவிடக்கூடும் என்று, கம்பெனிக்குத் தானே நேராக அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வேலை உண்டு. சர்க்கரைக்கும் காப்பீடு உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் அந்த வைத்தியச் செலவு மட்டும் அவனுடையது.

மூன்று முறை படித்தான். நம்பாமல் பொற்கொடியிடம் போனை நீட்டினான்.

"அதேதானுங்க போட்டிருக்குது."

"ஆறு மாசங்கழிச்சு இல்லீன்னு சொல்லிப்போட்டா என்ன பண்றது அம்மணி?" என்றவன், அதே வரிகளை முத்திரை வைத்த தாளில் அனுப்பும்படி கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தான். அந்தத் தாள் வராமல் டிக்கெட் போடுவதில்லை என்று ஆல்வினுக்கும் சொல்லிவிட்டான்.