வாசலோடு நின்ற சப்பாத்து

ஐம்பத்தேழில், இங்கே சுதந்திரம் கிடைத்த வருஷம், இளம்பிள்ளை வாதம் வந்த என் இரண்டு வயது மகளுக்கு, சப்பாத்தோடு சேர்ந்த இரும்புக் கம்பிகளை ஆஸ்பத்திரியில் காலில் மாட்டிவிட்டார்கள். அது இருந்தால் நிற்பாள், நாலு எட்டு வைப்பாள். நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் மறித்தார். "சப்பாத்தோடயா? உள்ள சாமி இருக்கில்ல?"

அது சப்பாத்தில்லை, அவள் கால் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் குனிந்து சப்பாத்து வாரை அவிழ்த்தேன். மகள் உள்ளே தவழ்ந்து போனாள். தினமும் இதே கதைதான்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும், கழற்றாமலே அவளை உள்ளே நடத்திப் போகக் கை நீட்டினேன். அவள் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, கழற்றிவிடச் சொல்லி இரண்டு கால்களையும் என்னிடம் நீட்டினாள்.